பிள்ளையார் நோன்பு, சூரியன் வடக்கே திரும்பும் நாளின் விழாவா?

நீங்கள் எழுதியிருப்பதன் சாரம் இது. டொராண்டோவில் இருக்கிறீர்கள். அங்கே யோகா வகுப்பில் டிசம்பர் 21 அன்று விளக்கேற்றித் தியானம் செய்யச் சொல்கிறார்கள். அன்றைக்குத்தான் ஒளி பூமிக்குத் திரும்புகிறது, அந்த நேரத்துக்குத் தனி சக்தி உண்டு என்கிறார்கள். கிட்டத்தட்ட அதே சமயத்தில் செட்டிநாட்டுக் கண்டனூரில் உங்கள் அப்பத்தா பிள்ளையார் நோன்புக்கு இழை எடுக்கிறார்கள், அதிலும் சுடர்தான் நடுநாயகம். இரண்டும் ஒன்றா, நம் முன்னோர் கதிர்த்திருப்பத்தை, அதாவது சூரியன் வடக்கே திரும்பும் நாளை, கணக்கிட்டுத்தான் இந்த நோன்பை வைத்தார்களா, இதற்கு ஆன்மிகப் பொருள் என்ன என்று கேட்கிறீர்கள். கேள்விக்குள் இன்னொரு கேள்வியும் ஒளிந்திருப்பதாக எனக்குப் படுகிறது. அப்பத்தா செய்வதற்கு உலகப் பொதுவான ஒரு காரணம் கிடைத்துவிட்டால், அதைக் கூச்சமில்லாமல் நாமும் செய்யலாமே என்பது. அதையும் விடாமல் சொல்கிறேன்.

நான் காரைக்குடிப் பக்கம் பல வருடம் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவள். வீட்டில் நோன்புக்கு இழை மாவு பிசைவதும் இப்போது என் கையில்தான் இருக்கிறது. ஆகவே வானத்தைப் பற்றியும் அடுப்படியைப் பற்றியும் கொஞ்சம் உறுதியாகப் பேச முடியும். சாஸ்திரம் என் துறை இல்லை. அங்கே நான் படித்ததை வைத்துத்தான் பேசுகிறேன்.

முதலில் தெரியாதவர்களுக்காக நோன்பைச் சொல்லிவிடுகிறேன். திருக்கார்த்திகைக்கு மறுநாளிலிருந்து எண்ணி இருபத்தொன்றாம் நாள், வளர்பிறைச் சஷ்டியும் சதய நட்சத்திரமும் கூடும் பொழுதில் நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார், வீடுகளில் நடப்பது இது. கோடி (புது) வேட்டியிலிருந்து இருபத்தொரு நூலிழை எடுத்துத் திரியாகத் திரிப்பார்கள். பச்சரிசி மாவில் வெல்லமும் நெய்யும் சேர்த்துப் பிசைந்து, சின்னதாகக் கூம்பு போல் பிடித்து, அதன் உச்சியில் திரியைச் செருகி ஏற்றுவார்கள். வீட்டில் மூத்தவர் ஒவ்வொருவர் கையிலும் எடுத்துக் கொடுப்பார். வாங்கியவர் பிள்ளையாரை நினைத்துக்கொண்டு, எரிகிற சுடரோடு அப்படியே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். ஊதி அணைத்துவிட்டுச் சாப்பிட்டால் அது இழை ஆகாது. நடுவீட்டுக் கோலம், ஆவாரம்பூ, பொரி வகைகள், கருப்பட்டிப் பணியாரம் எல்லாம் உண்டு. ஆனால் பிள்ளைகளுக்கு நினைவில் நிற்பது அந்தச் சுடர்தான். முதல் தடவை எடுக்கிற குழந்தை வாயைத் திறந்து வைத்துக்கொண்டு கண்ணை இறுக்க மூடிக்கொள்ளும். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது: “கண்ணை மூடாதப்பா, வாயை மூடு.” இயற்பியலும் அதுதான். வாயை மூடியதும் காற்று நிற்கிறது, சுடர் அணைகிறது. மேலண்ணத்தில் ஒரு நொடி சூடு தட்டும், அப்புறம் நெய்யும் வெல்லமும்தான். வயிற்றில் பிள்ளை இருக்கிற பெண் அந்தக் குழந்தைக்கும் சேர்த்து இரண்டு இழை எடுத்துக்கொள்வாள். பிறக்காத பிள்ளையையும் கணக்கில் வைக்கிற இந்த வழக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

சரி, இது சூரியன் திரும்பும் நாளின் விழாவா? என் பதில், இல்லை. ஏன் என்பதைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்ல வேண்டும்.

டிசம்பர் 21 அல்லது 22-இல் சூரியன் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே சுமார் 23.4 பாகை வரை போய், அங்கிருந்து வடக்கே திரும்புகிறது. பூமியின் அச்சு சாய்ந்திருப்பதுதான் காரணம். இது உலகத்துக்கே பொது. ஆனால் அதை நாம் உணர்வது நாம் நிற்கிற இடத்தைப் பொறுத்தது. உங்கள் டொராண்டோவில் அன்றைக்குப் பகல் ஒன்பது மணி நேரம்கூட இல்லை. உச்சிவேளையில்கூட சூரியன் அடிவானத்துக்கு மேலே 23 பாகைதான் ஏறும், அதுவும் மேகம் விட்டால். காரைக்குடி பத்துப் பாகை வடக்கில் இருக்கிற ஊர். இங்கே வருடத்தின் மிகக் குறுகிய பகலே சுமார் 11½ மணி நேரம் இருக்கிறது. ஜூனில் வரும் நீண்ட பகல் சுமார் 12 மணி 40 நிமிடம். இரண்டுக்கும் நடுவே ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் வித்தியாசம். கடிகாரம் பார்க்காதவர்களுக்கு இது தெரியவே தெரியாது. மார்கழி நடுப்பகலில் ஓலைக் கொட்டானைக் காய வைத்துவிட்டு உட்கார்ந்து பாருங்கள், வெயில் சுள்ளென்றுதான் இருக்கும். ஒளி போய்விட்டது என்று செட்டிநாட்டில் யாரும் பயந்திருக்க வழியில்லை. போகாத ஒன்றைத் திரும்பி வா என்று அழைக்க விழா எதற்கு?

இன்னும் வேடிக்கை, இங்கே சூரியன் மிகத் தாமதமாக உதிப்பது டிசம்பர் 21 அன்று இல்லை. ஜனவரி கடைசி வாரத்தில்தான், அதாவது தை பிறந்து பத்துப் பன்னிரண்டு நாள் போன பிறகு. மிகச் சீக்கிரம் மறைவது நவம்பர் மூன்றாம் வாரம், கார்த்திகைத் தொடக்கத்தில். பூமி நீள்வட்டப் பாதையில் போவதாலும் அச்சுச் சாய்வாலும் சூரியனின் உச்சிநேரம் கடிகாரத்திலிருந்து முன்னும் பின்னும் விலகுகிறது. பகலின் நீளம் அதிகம் மாறாத நம் ஊரில் அந்த விலகல்தான் மேலோங்கித் தெரிகிறது. “மார்கழி போனால் சீக்கிரம் விடியும்” என்று நினைத்து தை மாதத்தில் வாசல் தெளிக்க எழுந்தால் இன்னும் இருட்டாக இருக்கிறதே என்று என் மாணவிகள் கேட்டதுண்டு. அவர்கள் பார்த்தது சரிதான்.

ஆனால் நம்மவர்கள் சூரியனின் போக்கைக் கவனிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். வளவு, அதாவது நடுவில் திறந்த முற்றம், வைத்த வீட்டில் கவனிக்காமல் இருக்க முடியாது. சித்திரை முதல் வாரத்தில் உச்சிச் சூரியன் நேர் தலைக்கு மேல் வந்து வளவின் நடுவில் செங்குத்தாக விழும். ஆனி, ஆடியில் அது வடக்கே சரிந்து, நிழல் தெற்குப் பக்கம் விழும். மார்கழியில் தெற்கே சாய்ந்திருப்பதால் நடுப்பகல் வெயில் முற்றத்தைச் சுற்றிய நடையில் வடக்குப் பத்தித் தூண்களை நோக்கி ஏறும். அந்த நாட்களில் பத்தடி உயரக் கம்பு நட்டால் உச்சிவேளையில் அதன் நிழல் சுமார் ஆறரை அடி நீளத்துக்கு வடக்கே கிடக்கும். திருப்பத்தை ஒட்டி முன்னும் பின்னும் நாலைந்து நாள் அந்த நிழல் நகர்வதே தெரியாது. எந்த வெயிலில் வடாம் காயும், எந்தப் பத்தியில் நெல்லை விரிக்கலாம் என்று தெரிந்தவர்களுக்கு இதெல்லாம் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தெரிந்திருந்தும் அவர்கள் நோன்பை அதில் கட்டவில்லை, அதுதான் கவனிக்க வேண்டியது.

வேறு எதில் கட்டினார்கள்? நிலவில். இந்தக் கணக்கு எனக்கு எப்போது எடுத்துச் சொன்னாலும் சலிக்காது. திருக்கார்த்திகை பௌர்ணமியும் கார்த்திகை நட்சத்திரமும் கூடுகிற நாள். பௌர்ணமியிலிருந்து பதினைந்து திதி போனால் அமாவாசை, அதற்குமேல் ஆறு திதி சஷ்டி. மொத்தம் இருபத்தொன்று. நட்சத்திரத்தில் பாருங்கள்: அசுவினியிலிருந்து எண்ணினால் கார்த்திகை மூன்றாவது, அதோடு இருபத்தொன்றைக் கூட்டினால் இருபத்துநான்கு, சதயம் இருபத்துநான்காவது. திதி வழியாகப் போனாலும் நட்சத்திர வழியாகப் போனாலும் இருபத்தொரு படி கழித்து ஒரே இடத்தில் வந்து சேர்கிறது. திதி ஒரு நாளைவிடக் கொஞ்சம் குறைவு, நட்சத்திரம் ஒரு நாளைவிடக் கொஞ்சம் கூடுதல். அதனால் சஷ்டி சற்று முந்தும், சதயம் சற்றுப் பிந்தும். இரண்டும் சேர்ந்திருக்கிற பொழுது சில வருடம் தாராளமாகக் கிடைக்கும், சில வருடம் சில மணி நேரம்தான். “எத்தனை மணிக்குள் இழை எடுக்கணும்” என்று பங்காளி வீடுகளுக்கு நடுவே போன் பறப்பது இதனால்தான்.

இருபத்தொன்றுக்கு வேறு விளக்கமும் சொல்வார்கள். ஞானேந்திரியம் ஐந்து, கர்மேந்திரியம் ஐந்து, தன்மாத்திரை ஐந்து, பூதம் ஐந்து, மனம் ஒன்று என்று. அழகான விளக்கம், தியானத்துக்கு உதவும். ஆனால் இப்படிக் கூட்டிப் பார்த்துத்தான் நாளைக் குறித்தார்கள் என்று நான் நம்பவில்லை. நிலவு தானாகவே இருபத்தொன்றைக் கொடுக்கிறது, பொருள் பின்னால் வந்து உட்கார்ந்திருக்கலாம்.

நிலவுக் கணக்கு என்பதால் நோன்பு டிசம்பர் 21-ஐ ஒட்டி நிற்காது. 2021-இல் திருக்கார்த்திகை நவம்பர் 19-ஆம் தேதி வந்தது. மூன்று வாரம் கூட்டினால் நோன்பு டிசம்பர் 10 வாக்கில், சூரியன் இன்னும் தெற்கே போய்க்கொண்டிருந்தபோது. அப்போது மார்கழிகூடப் பிறக்கவில்லை. 2024-இல் திருக்கார்த்திகை டிசம்பர் 13. நோன்பு 2025 ஜனவரி முதல் வாரத்தில், சூரியன் திரும்பிப் பல நாள் ஆன பிறகு. சூரியனின் திருப்பத்தைக் கொண்டாடுகிற விழா அதற்கு முன்னும் பின்னும் இப்படி ஊசலாடாது. ஐயர்லாந்தில் நியூகிரேஞ்ச் என்று 5000 வருடத்துக்கு முந்தைய கல் சமாதி இருக்கிறது. வாசலுக்கு மேலே ஒரு திறப்பு விட்டு, கதிர்த்திருப்பத்தை ஒட்டிய சில விடியல்களில் மட்டும் சூரிய ஒளி நீண்ட நடைவழி தாண்டி உள்ளறை வரை போய்ச் சுமார் 17 நிமிடம் நிற்கும்படி கட்டியிருக்கிறார்கள். அதைக் கட்டியவர்கள் எந்த நாளைக் குறிவைத்தார்கள் என்பதில் சந்தேகமே இல்லை. சூரியனைக் குறிவைத்தால் இப்படித்தான் வைப்பார்கள். சீனாவில் டோங்ஜி என்று இதே நாளுக்கு ஒரு விழா உண்டு, தெற்குச் சீனர்கள் அரிசி மாவு உருண்டை செய்து சாப்பிடுகிறார்கள். நாமும் அரிசி மாவுதானே என்று யாராவது உறவு கொண்டாடக் கிளம்புவார்கள். அரிசி விளைகிற ஊரில் எந்த விழாவுக்கும் அரிசி மாவுதான் வரும், அதை வைத்து ஒன்றும் நிரூபிக்க முடியாது. பிள்ளையார்பட்டிக் கற்பக விநாயகர் வடக்கு நோக்கி இருக்கிறார், உத்தராயணம் வடக்கு நோக்கிய பயணம், ஆக இரண்டும் ஒன்று என்கிற வாதத்தையும் கேட்டிருக்கிறேன். குடைவரைக் கோயிலில் சாமி எந்தப் பக்கம் பார்ப்பது என்பதில் பாறைக்கும் பங்கு உண்டு.

உத்தராயணம் என்றதும் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். பஞ்சாங்கத்தில் உத்தராயணம் தை முதல் தேதி பிறக்கிறது, அதாவது ஜனவரி 14 அல்லது 15. வானத்தில் சூரியன் திரும்புவதோ டிசம்பர் 21 அல்லது 22, மார்கழி முதல் வாரத்திலேயே. யார் சொல்வது சரி? இரண்டும் சரி, அளக்கிற கோல்தான் வேறு. பஞ்சாங்கம் நட்சத்திரங்களை வைத்து அளக்கிறது, பருவம் சூரியன் வடக்கு தெற்காக நகர்வதை வைத்து. பூமியின் அச்சு மெல்லத் தலையாட்டிக்கொண்டே சுழல்வதால் இந்த இரண்டுக்கும் நடுவே சுமார் 72 வருடத்துக்கு ஒரு பாகை விலகல் சேர்கிறது. இப்போது அது கிட்டத்தட்ட 24 பாகை. பின்னோக்கிக் கணக்குப் போட்டால், தை முதல் தேதியும் உண்மையான திருப்பமும் சேர்ந்திருந்தது சுமார் 1700 வருடத்துக்கு முன்னால். ஆக, தைப்பொங்கலுக்குக் கதிர்த்திருப்பத்தோடு ஒரு பழைய உறவு உண்டு என்று தைரியமாகச் சொல்லலாம். வளவில் கோலமிட்டு, சூரியனைப் பார்த்துப் பானை வைக்கிற விழா அது. நீங்கள் தேடுகிற சூரிய விழா நம்மிடம் இருக்கிறது, அதைப் பிள்ளையார் நோன்பில் தேட வேண்டியதில்லை.

இனி ஆன்மிகப் பொருள். இதில் மரபு சொல்வது எது, நான் சொல்வது எது என்று பிரித்தே வைக்கிறேன்.

மரபு சொல்வது: மனிதருக்கு ஒரு வருடம் தேவர்களுக்கு ஒரு நாள். உத்தராயணம் அவர்களுக்குப் பகல், தட்சிணாயனம் இரவு. பன்னிரண்டு மாதத்தை இருபத்துநான்கு மணி நேரமாகப் பிரித்தால் மாதத்துக்கு இரண்டு மணி நேரம். தை விடியல் என்றால் அதற்கு முந்தின மார்கழி அதிகாலை நாலு முதல் ஆறு மணி. மார்கழி விடியற்காலையில் கோயில் திறப்பதும் பாவைப் பாடல்கள் பாடுவதும் இந்தப் பின்னணியில்தான். ஒளி வந்த பிறகு கொண்டாடுவது ஒரு வகை. இது ஒளி வருவதற்கு முன்பே எழுந்து குளித்து உட்கார்ந்திருப்பது. தட்சிணாயனத்தின் கடைசி மாதத்துக்குக் கொடுத்த மரியாதை இது, வெளிச்சத்துக்குக் கொடுத்ததைவிடப் பெரிய மரியாதை.

யோகா வகுப்பில் சொன்ன “அந்த நேரத்தின் தனி சக்தி” பற்றி. இயற்பியலில் அப்படி ஒன்று கிடையாது. திருப்பம் என்பது ஒரு வடிவியல் நொடி, அந்த நொடியில் பூமிக்கு வரும் ஒளி கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி முதல் வாரத்தில், அதைக்கூட உங்கள் ஊர்க் குளிர் கண்டுகொள்வதில்லை. நம் மரபிலும் இந்த விவாதம் நடந்திருக்கிறது. உத்தராயணத்தில் உயிர் பிரிய வேண்டும் என்று பீஷ்மர் அம்புப் படுக்கையில் காத்திருந்த கதை எல்லோருக்கும் தெரியும், கீதையின் எட்டாம் அத்தியாயமும் அந்த வழியைச் சொல்கிறது. ஆனால் பிரம்ம சூத்திரத்தின் நான்காம் அத்தியாயம், ஞானம் வந்தவன் தட்சிணாயனத்தில் போனாலும் அவன் பலன் குறையாது என்று தீர்த்துச் சொல்லிவிடுகிறது. நான் படித்த அளவில், காலத்துக்கு மரியாதை கொடு, காலத்தின் பிடியில் இருக்காதே என்பதுதான் அதன் சாரம். இதற்குமேல் வேண்டுமானால் முறையாகப் பாடம் கேட்டவர்களிடம் போங்கள்.

இனி வருவது என் வாசிப்பு. திருக்கார்த்திகையன்று விளக்கு வெளியே இருக்கிறது. வாசல், திண்ணை, மதில், கிணற்றடி என்று எல்லா இடத்திலும் அகல், கோயில் முன்னால் சொக்கப்பனை. மேலே முழு நிலவு. வெளிச்சம் உச்சத்தில் இருக்கிற இரவு அது. மறுநாளிலிருந்து நிலவு தேய்கிறது. அமாவாசை வரை போய், மறுபடி வளரத் தொடங்கி, ஆறாம் நாள் நோன்பு. அன்று பொழுது சாய்ந்ததும் வளவில் நின்று அண்ணாந்து பார்த்தால், உச்சிக்குச் சற்று மேற்கே, பாதிக்குக் கொஞ்சம் குறைவான நிலவு நிற்கும். பௌர்ணமி வரைக்கும் யாரும் காத்திருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். முழு வெளிச்சம் திரும்பி வரட்டும், அப்புறம் கொண்டாடலாம் என்று இல்லை. பாதி நிலவிலேயே, இருபத்தொரு நாளைக்கு இருபத்தொரு இழை என்று கணக்கு முடித்து, வெளியே எரிந்த சுடரை உள்ளே எடுத்துக்கொள்கிறார்கள். வெளிச்சம் தேய்ந்து வளர்வதைப் பார்த்தவர்கள், இனி அது வானத்தை மட்டும் நம்பியிருக்க வேண்டாம் என்று செய்த ஏற்பாடாக நான் இதைப் புரிந்துகொள்கிறேன். எங்கள் அப்பத்தாவிடம் இதைச் சொன்னால் சிரித்திருப்பார்கள். “பிள்ளையாருக்கு நேர்ந்துக்கிட்டது, செய்யுறோம்” என்பதுதான் அவர்களுடைய முழு விளக்கம். அதில் குறை ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.

உள்ளே இருக்கிற ஒளி என்பது சைவத்துக்குப் புதிதும் இல்லை. வடலூரில் வள்ளலார் 1872-இல் தொடங்கிய சத்திய ஞான சபையில் தைப்பூசத்தன்று ஏழு திரைகளை ஒவ்வொன்றாக நீக்கி ஜோதி காட்டுகிறார்கள். அங்கே ஒளி எங்கிருந்தும் திரும்பி வருவதில்லை. இருந்த இடத்தில்தான் இருக்கிறது, திரைதான் போகிறது. நோன்புக்கும் வடலூருக்கும் நேரடித் தொடர்பு ஒன்றும் இல்லை. ஒளி திரும்புகிறது என்கிற பேச்சு நம் பக்கத்தில் ஏன் அவ்வளவாக எடுபடவில்லை என்று யோசிக்கும்போது எனக்கு இது நினைவுக்கு வரும், அவ்வளவுதான்.

தோற்றக் கதையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் அப்பத்தா அதைத்தான் சொல்லியிருப்பார்கள். கடல் கடந்து வாணிபம் போன நகரத்தார் கப்பல் புயலில் சிக்கியது. கார்த்திகை வந்தும் கரை காணோம். பிள்ளையாரை வேண்டிக்கொண்டு, நாள் கணக்கு மறக்காமல் இருக்க உடுத்திய வேட்டியிலிருந்து தினம் ஒரு நூல் எடுத்து வைத்தார்கள். இருபத்தொன்றாம் நாள், கையில் இருந்த மாவில் அந்த நூலையே திரியாக்கி ஏற்றிக் கும்பிட்டார்கள். வீட்டுக்கு வீடு விவரம் மாறும், எலும்பு இதுதான். இது எந்த நூற்றாண்டில் நடந்தது, நடந்ததா என்பதற்கு ஆதாரம் காட்ட முடியாது. கதையைக் கதையாகவே வைத்துக்கொள்கிறேன். ஆனால் கதைக்குள் இருக்கிற பருவம் துல்லியமாக இருக்கிறது. வங்கக் கடலில் புயல் மிகுந்த காலம் நவம்பரும் டிசம்பரும். “கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை” என்பார்கள். வடகிழக்குப் பருவமழையை நம்பி ஊருணி வெட்டி வாழ்கிற வறண்ட சீமை இது. ஐப்பசி, கார்த்திகையில் நாள்கணக்கில் மூடிக் கிடந்த வானம் மார்கழியை ஒட்டி வெளுக்கிறது, ஊருணி நிரம்பியிருக்கிறது, கடல் அடங்குகிறது. செட்டிநாட்டில் டிசம்பரில் உண்மையிலேயே ஏதாவது ஒளி திரும்புகிறது என்றால் அது மழை மேகம் விலகி வருகிற வெயில். சாய்ந்த அச்சுக்கு அதில் பங்கு உண்டு, ஆனால் டிசம்பர் 21-க்குத் தனிப் பங்கு இல்லை.

நோன்பு நகரத்தாருக்கு மட்டும் உரியது என்று நினைத்துவிடவும் வேண்டாம். கார்த்திகைத் தேய்பிறைப் பிரதமை முதல் மார்கழி வளர்பிறைச் சஷ்டி வரை இருபத்தொரு நாள் விநாயகர் விரதம் சைவர்களிடம் பொதுவாகவே உண்டு. யாழ்ப்பாணத்தில் பெருங்கதை விரதம் என்று கோயிலில் பிள்ளையார் கதை படிக்கிறார்கள். அங்கே இருபத்தோரிழை நூலைக் காப்பாகக் கையில் கட்டிக்கொள்கிறார்கள். அதே நாள், அதே எண்ணிக்கை, அதே நூல். கையில் கட்டியதைச் செட்டிநாட்டில் கொளுத்தி விழுங்குகிறார்கள். எது முந்தியது, யாரிடமிருந்து யாருக்கு என்பதில் எனக்குப் பிடிவாதமான கருத்து கிடையாது.

இப்போது உங்கள் விஷயம். டொராண்டோவில் டிசம்பர் 21 என்பது கண்ணால் பார்க்கிற உண்மை. மதியம் நாலே முக்காலுக்கு இருட்டுகிற ஊரில், நாளையிலிருந்து பகல் நீளும் என்பது மனசுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்று அங்கே போய்த் தங்கியபோது எனக்கும் தெரிந்தது. அந்த நாளில் விளக்கேற்றி உட்காருங்கள், நீங்கள் வாழ்கிற மண்ணுக்குப் பொருத்தமான காரியம் அது. பிள்ளையார் நோன்பையும் செய்யுங்கள், அதன் நாளில், அதன் முறையில். இரண்டையும் ஒன்றாக்கி டிசம்பர் 21 மாலை இழை எடுத்தால் சஷ்டியும் போகும், சதயமும் போகும், அப்பத்தாவுடன் அதே நாளில் எடுக்கிற சந்தோஷமும் போகும். நோன்பைத் தூக்கி நிறுத்த உலகப் பொதுக் காரணம் ஒன்றும் தேவையில்லை. நிலவைப் பார்த்து இருபத்தொன்று எண்ணி ஒரு வீட்டார் கூடி உட்கார்வது போதாதா?

நடைமுறையில் இரண்டு மூன்று விஷயம். திதி உலகம் முழுக்க ஒரே நொடியில் தொடங்கி முடிகிறது, உங்கள் கடிகாரம்தான் இந்தியாவுக்குப் பத்தரை மணி நேரம் பின்னால். இங்கே மாலையில் சஷ்டி சதயம் கூடினால் உங்களுக்கு அது அன்று காலை. காலையிலேயே எடுக்கலாமா, மாலை வரை காத்திருக்கலாமா என்பதை வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுபோல் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் நகரத்தார் சங்கம் இருந்தால் அவர்கள் ஒரு நேரம் குறித்துக் கூட்டாகச் செய்வார்கள். நோன்பு முடிந்ததும் உப்பு முதலான மங்கலப் பொருள்களை ஏலம் விடுவதைப் பார்க்கவாவது போய் வாருங்கள், உப்பு போகிற விலையைக் கேட்டால் ஆடிப்போவீர்கள். வீட்டில் தனியாகச் செய்வதானால் மாவைக் கெட்டியாகப் பிசையுங்கள், நெய் கூடினால் கூம்பு சரிந்து திரி சாயும். திரி மாவுக்கு மேலே அரை விரல்கடைக்கு மேல் நீள வேண்டாம், நீண்டால் சுடர் பெரிதாகி மூக்கைச் சுடும். கோடி வேட்டி பருத்தியாக இருக்கட்டும், பாலியஸ்டர் கலந்த நூல் உருகும், அதை வாயில் போடக் கூடாது. முடியைக் கட்டிக்கொள்ளுங்கள். ஒருவர் எடுத்து முடித்த பிறகு அடுத்த இழையை ஏற்றுங்கள், எல்லாவற்றையும் ஒரே தட்டில் மொத்தமாக ஏற்றினால் உங்கள் அடுக்குமாடியில் புகை அலாரம் அடிக்கும்.